மலையேறாத கணினி: ஓர் ஆய்வு

நம் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்வதில்லை. மலையேற்று என்போம், அல்லது குளிர வை என்போம். சாமியாடியின் மேல் வந்த சாமியும் மலையேறும். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான்: ஏறினால் முழுக்க ஏறிவிட வேண்டும், பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்க்கக் கூடாது. மைசூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து சாமுண்டி மலை நன்றாகத் தெரியும். மலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டும் எங்கள் வீட்டுக் கணினி மலையேற மறுப்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

நோய்க்குறி இது. இரவு பத்தரைக்கு 'ஷட் டவுன்' கொடுக்கிறேன். திரை இருட்டாகிறது. ஆனால் சிபியு விசிறி நிற்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ அரிசி களைவது போல ஓர் இரைச்சல். ஹாலில் படுக்கும் என் மாமியார்தான் நேரடிச் சாட்சி. "மாப்ளே, அது இன்னும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கு" என்பது அவர் வாக்குமூலம். பவர் பட்டனை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அடங்கும். அது வைத்தியமல்ல, கழுத்தை நெரிப்பது.

வரலாற்றைப் பார்ப்போம். பழைய பெட்டிகளில் சுவிட்ச் என்பது நிஜ சுவிட்ச்: 'டக்', கதை முடிந்தது. விண்டோஸ் 95 கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் 'இனி அணைக்கலாம்' என்று அனுமதி தந்துவிட்டுக் காத்திருக்கும். கடைசி வேலை மனிதனுடையது. அதே 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் பட்டன் வெறும் விண்ணப்ப மனு ஆயிற்று. மனுவை ஏற்பது மதர்போர்டின் இஷ்டம். அணைத்த பிறகும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஊதா ஒயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டு, எஸ்1 முதல் எஸ்5 வரை உறக்கத்தை வகுத்தார்கள். சைவ சித்தாந்தமும் ஐந்து அவத்தை சொல்கிறது. எண்ணிக்கையைத் தவிர வேறு ஒற்றுமை அகப்படாதது ஆய்வாளன் குறையே.

ஞாயிறு மாலை மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் எரியும். நேரம் முடிந்ததும் குப்பென்று இருட்டு. அதுவல்லவா மலையேறுதல்!

நம் நோயின் வேர் 2012இல் வந்த விண்டோஸ் 8. சீக்கிரம் விழிக்க வேண்டும் என்பதற்காக அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு ஏற்பாடு. ஷட் டவுன் கொடுத்தால் திறந்திருந்த வேலைகளெல்லாம் மூடப்படும். ஆனால் விண்டோஸின் கருவாக உள்ளே இருக்கும் கெர்னல் மட்டும் தன் நினைவை டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டுப் படுக்கும். அதாவது அது 'போறேன்' என்று சொல்லவில்லை, 'போயிட்டு வரேன்' என்று சொல்கிறது. நாமும் அப்படித்தானே? எங்கள் கீழ்வீட்டுக்காரரும் 'ஹோகி பர்த்தீனி' என்று சொல்லிவிட்டுத்தான் அரை மணி நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த அரைத் தூக்கம் சில டிரைவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் கெர்னல் முழுவதும் மூடித் திறக்கிறது. போகிறேன் என்றவர் போகவில்லை. இதோ வந்துவிட்டேன் என்றவர்தான் நிஜமாகவே போய் வருகிறார்.

பரிகாரம்: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுக்க வேண்டும். அது முதலில் சாம்பல் நிறத்தில், தொட்டாலும் அசையாமல் இருக்கும். மேலே இருக்கும் நீல வரியை அழுத்தினால்தான் வழிக்கு வரும். அவசரக்காரர்கள் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுக்கலாம்.

எடுத்தேன். அன்றிரவு விசிறி நின்றது. வீடே அமைதி. ஆனால் ஊதா ஒயரின் 5 வோல்ட் யூஎஸ்பி வழியாக இறங்கி, மவுஸின் அடிவயிற்றில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "கண்ணை உறுத்துது மாப்ளே" என்றார் அத்தை. காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் திரையில் அம்புக்குறி நகரவில்லை. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், யூஎஸ்பி ஓட்டையை மாற்றினேன், மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். கடைசியில் மவுஸைத் திருப்பிப் பார்த்தால், விளக்கு எரியும் ஓட்டையின் மேல் கச்சிதமாக ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.