ஈயத்தின் கோவணம்

ரைபிளுக்கான குண்டுகளை வீட்டிலேயே ஈயத்தில் வார்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் இன்றும் வழக்கில் இருப்பதற்குச் சிக்கனமே காரணம் என்று அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர்கள் கூறுவர். அச்சு, உருக்கும் அடுப்பு, கரண்டி, மசகு மெழுகு, எதற்கு வாங்கப்பட்டன என்று வாங்கியவருக்கே மறந்துபோன வேறு சில கருவிகள் ஆகியவற்றின் விலையைக் கணக்கில் சேர்ப்பது அவர்களிடையே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் மெல்லிய உலோகம். கரிமருந்துக் காலத்து மந்தமான வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது; 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து பரவி அழுத்தமும் வேகமும் கூடியபோதோ, குண்டைச் சுழலச் செய்வதற்காகக் குழாயின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட காடிகளில் ஈயம் அப்பிக்கொள்ள, குறி சிதறியது. இதற்குப் பரிகாரமாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்ததே ‘கேஸ் செக்’, அதாவது குண்டின் அடியில் மாட்டப்படும் சட்டைப் பொத்தானளவு தாமிரக் கிண்ணம். ‘வாயுத்தடுப்பி’ என்று இதற்குக் கலைச்சொல் ஆக்கலாம் எனினும், அது இருக்கும் இடத்தையும் காக்கும் மானத்தையும் நோக்குமிடத்து ‘கோவணம்’ என்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

வெடிமருந்தின் தழலில் அடிப்பகுதி உருகிவிடாமல் காப்பதே இக்கோவணத்தின் பணி என்று பலர் நம்பினர். குண்டு குழாய்க்குள் தங்குவதோ ஓரிரு மில்லிவினாடி. அந்நேரத்தில் ஈயம் உருகுவது கிடக்கட்டும், அப்பளம்கூடப் பொரியாது. குண்டின் விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி கிடைத்தாலும், உயரழுத்த வாயு அதன் வழியே பீறிட்டு ஈயத்தை அரித்துச் செல்வதே உண்மையான தொல்லை.

கோவணம் கட்டுவதற்கென்றே பிறந்த குண்டின் அடியில் ஒரு படி வெட்டப்பட்டிருக்கும்; கிண்ணம் அந்தப் படியில் அமர்ந்துகொள்வதால் மொத்தப் பருமன் மாறுவதில்லை. ‘பிளெயின் பேஸ்’ எனப்படும் குண்டுக்கு அத்தகைய இடுப்பே கிடையாது, அடிவரை ஒரே பருமன். மெதுவாகச் சுடப்படுவதற்கென வார்க்கப்பட்ட அதனை மெதுவாகச் சுட்டால் ஒரு வழக்கும் இல்லை. வேகம் வேண்டுமெனில் படியுள்ள அச்சு ஒன்றை வாங்கினாலும் தீர்ந்தது. ஆயினும் இருக்கும் அச்சை விட மனமில்லாத சிக்கனவாதி, புதிய அச்சின் செலவை மிச்சப்படுத்தும் பொருட்டு, கிண்ணம் செய்யும் கருவியை வாங்குகிறார்.

கிண்ணத்துக்கான உலோகம், குடித்து முடித்த குளிர்பான டப்பாவிலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள அந்த அலுமினியத்தைக் கத்தரித்து, படிய நீவி, வட்டமாகத் துளைத்தெடுத்து, அழுத்திக் கிண்ணமாக்கி, குண்டின் அடியில் கவிழ்த்து, ‘சைசிங் டை’ என்னும் எஃகு வளையத்தின் வழியே இரண்டையும் சேர்த்து நெம்புகோலால் தள்ள வேண்டும். படியில்லாத குறையை இந்த நெருக்கலே ஈடுசெய்கிறது. கிண்ணத்துக்கு இடம்விட்டு ஈயம் உள்ளொடுங்குகிறது. வளையத்தைத் தாண்டி வரும் குண்டை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால், சிலவற்றில் கிண்ணம் நேராகவும், சிலவற்றில் கல்யாண வீட்டு மாமாவின் தலைப்பாகைபோல் ஒருபக்கம் சாய்ந்தும் இருக்கும். சாய்ந்தவை குறியைக் கெடுக்கும். பிடிப்பில்லாதவை பாதி வழியில் கழன்றுவிட, மானமிழந்த குண்டு மனம்போன திசையில் செல்லும். ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கூட்டிக் கடினமாக்கினால் கோவணமின்றியே ஓரளவு சமாளிக்கலாம் என்போரும் உண்டு. நாளிதழ்கள் லைனோடைப் என்னும் அச்சுக்கோப்பு இயந்திரங்களைக் கைவிட்டபோது, இதே கலவையாலான அவற்றின் அச்செழுத்து உலோகத்தை இவர்கள் தேடித்தேடிச் சேர்த்தனர்.

சுட்டு முடித்த பின், இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைக் கிளறி ஈயத்தைப் பொறுக்கி வந்து மறுபடியும் உருக்குவது சிக்கனத்தின் அடுத்த படி. ஈயம் இளகத் தொடங்கியதும், 660 பாகை வரை உருகாததும் ஈயத்தில் நான்கில் ஒரு பங்கு அடர்த்திகூட இல்லாததுமான அலுமினியக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதக்க, ஒரு மாலைப்பொழுது முழுவதும் குனிந்து அவற்றை மாட்டியவர், கரண்டியால் கசடோடு கசடாக வழித்து எறிகிறார்.