ஒரு கையெழுத்துப் போடுங்க சார்

சென்னை பாரிமுனையில், தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் காலை 11 மணிக்கு மேல் போனால் அந்த பைக்கைப் பார்க்கலாம். டேங்கின் மேல் ஒரு பை, பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மூட்டை. ஆளைக் காணவில்லையே என்று தேட வேண்டாம். பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கையெழுத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

கூரியர்காரருக்குப் பார்சலைக் கொடுப்பது ஒரு வேலையே இல்லை. கையில் உள்ள ரன் ஷீட்டில் வரிசையாகக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் பெயர், கையெழுத்து, நேரம், முடிந்தால் போன் நம்பர், கம்பெனி என்றால் சீல். கட்டம் நிரம்பினால்தான் டெலிவரி. சரக்கு மேஜை மேலேயே கிடந்தாலும் கட்டம் காலியாக இருந்தால், சாயங்காலம் பிராஞ்சில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீடுகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் மேல் இவருக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. வீட்டில் மணியடித்தால் யாராவது வருவார்கள், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டாவது வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆபீசில் அந்தக் கதை நடக்காது. 200 பேர் வேலை பார்க்கும் இடத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். வாட்ச்மேன், "எனக்கு பர்மிஷன் இல்ல தம்பி, மேல போய்ப் பாரு" என்பார். மேலே ரிசப்ஷனில், "எந்த டிபார்ட்மென்ட்டுக்கு?" என்பார்கள். உறை மேல் 'மேனேஜர்' என்று மட்டும் இருக்கும். அந்த ஆபீசில் திரும்பிய பக்கமெல்லாம் மேனேஜர்.

அக்கவுண்ட்ஸ், "பர்ச்சேஸ்ல குடுங்க" என்னும். பர்ச்சேஸ், "அட்மின்தான் வாங்கணும்" என்னும். அட்மின்காரர் சாப்பிடப் போயிருப்பார். மணி பதினொன்றரைதானே என்று கேட்கக்கூடாது. கேட்டால் நாளைக்கும் அவர் சாப்பிடப் போய்விடுவார்.

கடைசியில் யாரோ ஒருவர் இரங்கி வாங்குவார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அனுப்புநர் முகவரியை இரண்டு முறை படிப்பார், உள்ளே என்ன இருக்கிறது என்று இவரைக் கேட்பார். பிறகு சீல். சீல் இழுப்பறையில், இழுப்பறைச் சாவி லீவில் போன அம்மாவிடம். சாவி கிடைத்தால் ஸ்டாம்ப் பேட் காய்ந்திருக்கும். "ஹா" என்று ஊதி, ஓங்கி ஒரு குத்து குத்தினால் அரை வட்டம் விழும். சில ஆபீஸ் சீல்களில், 'பெற்றுக்கொண்டோம், உள்ளே இருப்பதைச் சரிபார்க்கவில்லை' என்று ரப்பரிலேயே வெட்டி வைத்திருப்பார்கள். வாங்கும்போதே வாங்காதது மாதிரி இருக்க வேண்டும் என்ற முன்யோசனை அது.

இவ்வளவு பயம் ஏன் என்றால், பக்கத்தில்தான் ஹைகோர்ட் இருக்கிறது. காகிதம் கைக்கு வந்த தேதியிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும் விவகாரங்கள் உண்டு. செக் திரும்பிய வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். கிடைத்தால்தானே 15 நாள்? ஆகவே வக்கீல் பெயர் போட்ட உறையைக் கண்டதும், "ஓனர் ஊர்ல இல்லையே" என்று ஓனரே சொல்வார்.

இந்த நாடகம் தபால்காரரிடம் எடுபடாது. அவர் சண்டை போடாமல் உறை மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதி, தேதி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். சரியான முகவரிக்கு, தபால் செலவு கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படாத வரை, போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், 27-வது பிரிவு. செக் வழக்குகளுக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீசே வரவில்லை என்பவர் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டியிருக்கலாமே என்றும் கேட்டது. 2025-இல் பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஆனாலும் தபால்காரரின் பேனாவுக்கு மவுசு குறையவில்லை.

கூரியர்காரரின் பேனாவுக்கு அந்த யோகம் இல்லை. 1897-இல் சட்டம் எழுதியவர்களுக்கு பைக்கும் தெரியாது, இவரையும் தெரியாது. அவர் 'மறுத்தார்' என்று எழுதினால், "நீ போகவே இல்லைன்னு பார்ட்டி சொல்றாங்களே" என்று பிராஞ்சில் கேட்பார்கள். அதனால் அவருக்குக் கிறுக்கலாவது வேண்டும்.

கிறுக்கல் விஷயத்தில் அவர் பண்டிதர். எந்த வளைவு எந்த ஆபீஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இப்போது செல்போன் திரையில் விரலால் போடச் சொல்வதால் அந்தப் புலமையும் போயிற்று. எம்.டி. போட்டாலும் ஆபீஸ் பையன் போட்டாலும் மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரிதான் விழுகிறது. கொரோனா காலத்தில் கையெழுத்தே வேண்டாம் என்று பல கம்பெனிகள் விட்டுக்கொடுத்தன. அப்போது, "பெயர் மட்டும் சொல்லுங்க சார்" என்று ஆறடி தள்ளி நின்று கேட்டதை அவர் பொற்காலம் போலச் சொல்வார்.

ஓ.டி.பி. வந்தால் கஷ்டம் தீரும் என்றார்கள். ஆர்டர் போட்டவர் கோயம்புத்தூர் கிளையில், அவர் போன் சைலண்ட்டில், வாங்குகிறவர் கிண்டியில். "நம்பர் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல மெசேஜ் வந்திருக்கு தம்பி" என்று அக்கவுண்ட்ஸ் அம்மா கறாராக இருக்க, அது வேறு ஓ.டி.பி., இது வேறு ஓ.டி.பி. என்று பாடம் எடுப்பதற்குள் கீழே நோ பார்க்கிங்கில் நின்ற வண்டிக்கு ஆபத்து வந்துவிடும்.

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கட்டடங்களில் கதை வேறு. அங்கே கையெழுத்து வாங்குவதற்கு முன் இவர் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டில் ஒரு ரிஜிஸ்டர், லாபியில் ஒரு ரிஜிஸ்டர், தபால் அறை வாசலில் இன்னொன்று. பெயர், ஊர், வண்டி எண், வந்த நேரம், யாரைப் பார்க்க, என்ன காரணம். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் அவர் பல வருஷமாக 'சீல்' என்றே எழுதி வருகிறார். இதுவரை யாரும் படித்துக் கேட்டதில்லை.

கையெழுத்துக்கு அலையவிட்ட அதே ஆபீசிலிருந்து ஏதாவது அனுப்ப வேண்டி இவரைக் கூப்பிட்டால் மட்டும் எல்லாம் தலைகீழ். காலையில் கையெழுத்துக்கு அதிகாரம் இல்லாதவர், சாயங்காலம் அவுட்வர்டு புத்தகத்தை நீட்டி விரலால் காட்டுவார்: "இப்படிக் கிறுக்கினா எப்படித் தம்பி? பேரைத் தெளிவா எழுதுங்க. தேதி, நேரம், போன் நம்பர் எல்லாம் போடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது?"