மதில் சுவர் கேட்டு ஒரு மனு

கங்கை வரைக்கும் படையை அனுப்பி, அங்கிருந்து தண்ணீரைக் குடத்தில் சுமந்துவரச் செய்து, அதை ஏரியில் ஊற்றிய மனிதருக்குத் தலைநகர் கட்ட இடம் கிடைப்பதா கஷ்டம்? இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், ராஜேந்திர சோழர் கையை நீட்டினார். கங்கைகொண்ட சோழபுரம் என்ற ஊர் வந்துவிட்டது. டி.டி.சி.பி. அப்ரூவல் கிடையாது, சுற்றுச்சூழல் அனுமதி கிடையாது, கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. அப்பா தஞ்சாவூரில் கட்டியதைப் போலவே ஒரு கோயில். அப்பா மேல் உள்ள மரியாதைக்கு உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார் என்பார்கள். ஏரியைத் தண்ணீராலான வெற்றித்தூண் என்று செப்பேட்டில் எழுதவைத்தார். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு டைல்ஸ் ஒட்டினாலே முப்பதடி பேனர் வைக்கிறார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மேலே ராஜா கைகாட்டினாலும், கீழே பிராமண ஊர்களில் சபை என்று ஒன்று இருந்தது. அதை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. ராஜேந்திரருக்கு நூறு வருஷம் முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூரில் 919-ல் தேர்தல் விதி போட்டார்கள். இரண்டே வருஷத்தில், 921-ல், அதற்குத் திருத்தமும் போட்டார்கள். சட்டம் போட்டவுடன் அதில் ஓட்டை கண்டுபிடிக்கும் திறமை நமக்குப் புதிதல்ல என்பதற்கு இது கல்லில் உள்ள சாட்சி. கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். எல்லாம் சரி. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, தாய்மாமன், மாமனார், அக்கா தங்கை புருஷன், மருமகன் என்று கல்யாணப் பத்திரிகை கொடுக்கவேண்டிய பட்டியல் முழுக்க அவுட். இந்த ஒரு விதியை மட்டும் இன்று அமல்படுத்தினால் எத்தனை மன்றங்களில் கோரம் இருக்கும் என்று பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் தங்கள் வார்டை நினைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ராஜேந்திரர் காலத்துச் சபை ஒன்று பள்ளிக்கூட விவகாரத்தையும் கையில் எடுத்தது. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊர். அங்கே 340 மாணவர்களுக்கு உணவோடு படிப்பு என்று ராஜா உத்தரவு, சபை ஏற்பாடு. சிறியவர்கள் 270 பேர், பெரியவர்கள் 70 பேர். ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75 என்று குரூப் குரூப்பாக அட்மிஷன். பெரியவர்களில் பிரபாகர மீமாம்சைக்கு 35 பேர், வியாகரணத்துக்கு 25 பேர், வேதாந்தத்துக்கு வெறும் 10 பேர். எந்தப் படிப்பு எடுத்தால் நாளைக்குப் பிழைக்கலாம் என்று பெற்றோர் அப்போதும் விசாரித்திருப்பார்கள் போலிருக்கிறது. சின்னப் பையனுக்கு ஒரு நாளைக்கு ஆறு நாழி நெல், பெரிய பையனுக்குப் பத்து நாழி. இத்தனைக்கும் 45 வேலி நிலம் ஒதுக்கினார்கள். படிக்க வந்தவர்கள் எல்லாம் ஒரே ஜாதிக்காரர்கள் என்பதால் சீட் தகராறு எழவில்லை. மற்றவர்கள் வாசல் வரைக்கும்கூட வரவில்லையே.

இதில் ஒரு நாழி நெல் விடாமல் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த 45 வேலியில் உழுதுகொண்டிருந்தவரைக் கேட்டீர்களா என்று கல்வெட்டில் தேடினால் பதில் இல்லை. சோழர் முறை இதுதான்: கேட்க மாட்டார்கள், ஆனால் ஒழுங்காக எழுதிவைப்பார்கள். சபையின் தீர்மான நோட்டே கோயில் சுவர்தான். ஃபைல் காணாமல் போகாது, கரையான் அரிக்காது, எலி கடிக்காது. யாரும் தூக்கிக்கொண்டும் போக முடியாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை தப்பு என்று தெரிய எண்ணூறு வருஷம் ஆனது.

1836. கம்பெனி ஆட்சி. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினியருக்குக் கொள்ளிடத்தின் மேல் கண். காவிரித் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் சரிந்து கடலுக்குப் போகிறதே என்று முக்கொம்பில் மேலணை கட்டினார். அதையும் தாண்டி ஓடுவதை மடக்கக் கீழே அணைக்கரையில் கீழணை. நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. அணைக்குக் கல் வேண்டும். மலையில் உடைத்து, வண்டியில் ஏற்றி, ஆற்றுக்குக் கொண்டுவர எஸ்டிமேட் எகிறும். சுற்றுமுற்றும் பார்த்தார்கள். சுமார் பத்து கிலோமீட்டரில், சதுரம் சதுரமாகச் செதுக்கி, அளவு பார்த்து அடுக்கி, உபயோகத்துக்குத் தயாராகக் கல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஒரு சாமி இருந்தார் என்பது மதிப்பீட்டில் வராத விஷயம்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் சுற்று மதில் ஏறக்குறைய முழுசாகக் கழன்றது. சிற்பக் கல்லும் சேர்ந்து போனது. ஊர்ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அன்றைய பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்:

“ஐயா, இது எங்க சாமி சுவருங்க.”

“பட்டா இருக்கா?”

“ராஜா கட்டினதுங்க.”

“எந்த ராஜா? விலாசம்?”

“ஐயா, கல்லுல எழுத்து இருக்குதுங்க.”

“எழுத்து இருந்தா என்ன, தண்ணிக்குப் படிக்கத் தெரியாது. ஏத்துப்பா வண்டியில.”

இந்த உரையாடல் என் கற்பனை. ஆனால் முடிவு கற்பனையல்ல. 1855-ல் வெளியான ஆங்கிலப் பத்திரிகைக் குறிப்பு ஒன்று நடந்ததைச் சொல்கிறது: ஏழை ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்கள், அரசாங்கத்தை அவமதித்தார்கள் என்று அவர்களுக்கே தண்டனை கிடைத்தது. கூடவே ஒரு வாக்குறுதியும் கிடைத்தது: எடுத்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும். குறிப்பு எழுதிய 1855 வரைக்கும் அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. அதாவது பத்தொன்பது வருஷம். நம் ஊர் நடைமுறையில் இது ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற கட்டம்தான். அவசரப்பட்டு மறுப்பு என்று சொல்லிவிடக் கூடாது.

கோயிலுக்கு முன்னால் இன்றைக்கும் பிரம்மாண்டமான நந்தி உட்கார்ந்திருக்கிறது. பக்திமான்கள் அதன் மகிமையைச் சொல்வார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. தஞ்சாவூர் நந்தி போல ஒற்றைக் கல் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டி மேலே சுதை பூசியது. அணை கட்டுகிறவனுக்கு அதை வைத்து என்ன பிரயோஜனம்? கம்பெனி விட்டுவைத்தது சிவபக்தியாலா, சிக்கனத்தாலா என்பதை நந்தியிடம் யாரும் கேட்கவில்லை.

கல்லைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. கீழணையில் மடக்கிய தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. ராஜேந்திரர் கங்கையைக் கொண்டுவந்தது பெரிய சாதனை என்கிறோம். அவர் மதிலைக் கொண்டு கட்டிய அணையின் தண்ணீரில் இன்றைக்கு மெட்ராஸ்காரன் பல் விளக்குகிறான். எது பெரிய சாதனை என்று அரியலூர்க்காரன்தான் சொல்ல வேண்டும். அவன் வீட்டுக் குழாயில் காற்று வருவது நிற்கட்டும், கேட்போம்.

ஆக, கம்பெனி முறை இதுதான்: ஆட்சேபணையைக் கேட்பார்கள், பிறகு தண்டனை கொடுப்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நிறைய முன்னேற்றம். இதே ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் 1990-களில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டம் என்று கிராமம் கிராமமாக, ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். இழப்பீடு போதாது என்று விவசாயிகள் கோர்ட் படி ஏறினார்கள். வருஷங்கள் ஓடின. புகைபோக்கி வரவில்லை. கடைசியில் நிலத்தைச் சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. இன்றைய முறை இது: முதலில் எடுப்பார்கள், பிறகு கேட்பார்கள், அப்புறம் எதற்கு எடுத்தோம் என்று யோசிப்பார்கள். ராஜேந்திரராவது ஊற்றுவதற்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

சரி, அந்தச் செங்கல் மதில்? கேட்கலாம் என்றால் எந்தக் கலெக்டரிடம் கேட்பது? வாக்குறுதி கொடுத்தபோது ஊர் திருச்சி ஜில்லாவில் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாகி, ஊரும் அதோடு போனது. 2001 ஜனவரி 1-ல் அரியலூர் தனி மாவட்டம். போர்டு பெயிண்ட் காய்வதற்குள், 2002 மார்ச் 31-ல் மறுபடி பெரம்பலூரோடு இணைப்பு. 2007 நவம்பர் 23-ல் மறுபடி அரியலூர். ஃபைல் என்று ஒன்று இருந்திருந்தால், அதற்குப் பயணப்படி கொடுத்தே மதில் கட்டியிருக்கலாம்.

இருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. பொருள்: மதில் சுவர் கட்டித் தரக் கோருதல். பார்வை: 1836-ஆம் வருஷத்து வாய்மொழி உத்தரவு. மனுவைக் கொடுத்ததும் மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எதிர்த்து நின்றவர்கள் வாங்காமல் விட்டது அது ஒன்றுதான்.