தானா ஓடும்ணே!

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் மூட்டை தூக்குகிறவர், தரம் பிரிக்கிறவர், கணக்கெழுதுகிறவர் என்று இருந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர் ‘கம்ப்யூட்டர் தம்பி’. ஸ்பைசஸ் போர்டு ஏலம் போடியிலும் புற்றடியிலும் கணினிக்கு மாறிய பிறகு தழைத்த இனம். தலை நரைத்தாலும் தம்பிதான்.

மெயிலுக்கு மாதக் கட்டணம் கட்டுவது தம்பிக்கு மானப் பிரச்சினை. மாடிப்படிக்கு அடியில், காலிச் சாக்குகளை ஒதுக்கிவிட்டு, சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பென்னிகுயிக் படம் தொங்கும். 1895இல் பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டவராயிற்றே. தம்பி அதன் பக்கத்திலேயே 1998இல் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் மென்பொருளைத் தந்த விட்ஸே வெனிமாவின் படத்தையும் மாட்டியிருப்பார். முதலாளி அவரை வெளிநாட்டு ஏலக்காய் வியாபாரி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். கெடுப்பானேன்?

தம்பியின் தாரக மந்திரம் ‘தானா ஓடும்ணே’. புதிதாகச் சேர்ந்த பையனைப் பிடித்தால் விட மாட்டார். “ஸ்டார்ட் குடுத்தா இப்ப மட்டுந்தான்டா ஓடும். எனேபிள் குடுத்தாத்தான் கரண்டு போய் வந்தாலும் தானா எந்திரிக்கும்.” பையன் டீ வாங்கிவந்த பிறகும் இது தொடரும்.

நேரம் குறித்து வேலை வாங்குவதற்கு க்ரான் இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டம். முதலாளி ஒரே நிபந்தனைதான் போட்டார்: கணக்கை நகலெடுக்கிற வேலை ராகுகாலத்தில் தொடங்கக் கூடாது. நள்ளிரவில் வைத்தால் தீர்ந்தது. ஆனால் ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது மூன்று தலைமுறைப் பழக்கம். ஆகவே திங்கள் ஏழரைக்கு மேல் ஆகாது, வெள்ளி பத்தரைக்கு மேல் ஆகாது என்று கிழமைக்கொரு வரியாக எழுதிமுடித்தார் தம்பி. அமாவாசையையும் சேர்க்கச் சொன்னபோதுதான், க்ரானுக்குத் திதி தெரியாது என்பதைத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு காவல்: பத்து நிமிடத்துக்கொரு முறை மெயில் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாவிட்டால் முதலாளிக்குத் தகவல் போகும். மெயிலில்.

ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டு போனது. பதினொரு மணிக்கு வந்தது. எல்லாம் எழுந்தன, போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் எழவில்லை. அன்று காலை அதை மறுபடி நிறுவியபோது எனேபிள் கொடுக்காமல் விட்டது யார் என்ற கேள்வியை அந்தக் கடையில் கேட்கத் தெரிந்தவர் தம்பி ஒருவர்தான், அவர் கேட்கவில்லை. நாலு மணிக்கு வளைகுடா வியாபாரி போனில் கத்திய பிறகு, ஸ்டார்ட் கொடுத்தார். மறுநொடியே முதலாளியின் போன் ‘மெயில் நின்றுவிட்டது’, ‘மெயில் நின்றுவிட்டது’ என்று முப்பது முறை அலறியது. அத்தனையும் உள்ளேயே வரிசையில் காத்துக் கிடந்திருக்கின்றன. வெளியூர்க் கடிதங்களும் பின்னாலேயே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நாலைந்து நாள் விடாமல் முயன்று பார்க்கும்.

“பாத்தீங்களாண்ணே, கரெக்டாச் சொல்லிருச்சு!”

“நின்னதை வந்தப்புறம் சொல்லுதேப்பா. நாளைக்குக் கரண்டு போகும்னு இன்னைக்கே சொல்லுமா?”

“அது பேப்பர்லயே போட்டுருவாங்கண்ணே.”