மலை பாத்த மனை

மனை வாங்கப் போறியாமே மருமவனே, அதுவும் மலையை ஒட்டி! உங்கம்மா போன்ல சொன்னா. "சன்னலைத் தொறந்தா அண்ணாமலையார் தெரிவார் சார்"னாராமே புரோக்கர். மெய்தான். நீ அவரைப் பாக்கிறதுக்கு முந்தியே அவரு உன்னைப் பாத்துக்கினு இருக்காரு, அதை அந்த ஆளு சொன்னாரா? மலை எம்மாம் தூரம்னு நீ கேட்டதுக்கு, "கைய நீட்டினா தொடலாம்"னாராம். மலைக்கும் கை இருக்குதுடா. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி நீட்டுச்சு.

அந்த நாளைப் பத்தி மட்டும் நக்கல் இல்லாம சொல்லிடறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையேறி, மேல நகராம அங்கியே குந்திக்கிச்சு. மயிலம், ஊத்தங்கரைப் பக்கம் ஒரே நாள்ல அரை மீட்டர் மழை. நம்மூரு திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மண்ணும் பாறையும் சரிஞ்சு வூட்டு மேல வுழுந்துச்சு. ஏழு பேரு போயிட்டாங்க. அதுல அஞ்சு பேரு புள்ளைங்க. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து, மேல இன்னும் பாறை நிக்குதேன்னு அண்ணாந்து பாத்துப் பாத்துத் தோண்டினாங்க. அந்த சனங்க இயற்கை ரசிக்க அங்க போயி குடியேறல. கீழ தரையில வாங்கவோ வாடகை குடுக்கவோ முடியாதவங்கதான் எந்த ஊர்லயும் மேல ஏறுறாங்க. நீ காசு குடுத்து ஏறப் போற. அதனால திட்டு உனக்குத்தான்.

"2,668 அடி மலை, கோடானுகோடி வருஷத்துப் பாறை, அது எங்க நகரும்?"னு புரோக்கர் கேப்பாரு. கேக்கட்டும். வயசாயிட்டா அசைய மாட்டான்னு என்னைப் பாத்துக்கூடத்தான் உன் அத்தை நெனைக்கிறா! பாறை பழசுங்கிறதுதான் வம்பே. வெயிலும் மழையும் அதுங்க சந்துல பூந்து பூந்து பொடியாக்கி, நல்ல கல்லை உருண்டையா விட்டுட்டு, சுத்தியிருந்ததை மண்ணாக்கிடுச்சு. நீ பாறைன்னு கும்பிடறது பாதி இடத்துல மண்ணு மேல குந்தியிருக்கிற உருண்டை. அந்த மண்ணு கேவுரு மாவு மாதிரி. தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சா அடை தட்டலாம், குடத்தோட கவுத்தா வழிச்சுத்தான் எடுக்கணும். மழை அடங்காம பேஞ்சா மண்ணுக்கு நடுவுல தண்ணி ரொம்பி, ஒண்ணையொண்ணு புடிச்சிருந்த மண்ணை உள்ளேர்ந்தே நெட்டித் தள்ளுது. பாரமும் ஏறுது, பிடிப்பும் போவுது.

இதுக்கு மேல மனுசன் கைங்கரியம் வேற. கோடையில எவனோ தீ வெச்சுட்டுப் போறான், புல்லும் வேரும் கருகிடுது. மரம் வெச்சு மலையைத் திரும்பப் பச்சையாக்கணும்னு வருஷக்கணக்கா பாடுபடறவங்க இருக்காங்க. ஒரு பீடி அவங்க உழைப்பைச் சாப்புட்டுடுது. மனையைச் சமமாக்கணும்னு பொக்லைன் விட்டு அடிவாரத்தைச் செதுக்கறாங்க பாரு, அது சரிவோட காலை வெட்டறது. மழைத்தண்ணி எறங்கற ஓடையைத் தூத்து அதுக்கு "மூணாவது குறுக்குத் தெரு"ன்னு பேரு வெச்சுடறாங்க. தண்ணிக்குப் பேரு படிக்கத் தெரியாது, பழைய வழியிலயே வரும்.

என் பேத்தி நிலவியல் படிக்கிறா இல்ல, அவ சொன்னா: சுவிட்சர்லாந்துல பனி சரியற ஊருங்களுக்கு வரைபடம் போட்டு செவப்பு, நீலம்னு சாயம் பூசி வெச்சிருக்கானாம். 300 வருஷத்துக்கு ஒரு தபா வர்ற பனிச்சரிவு சதுர மீட்டருக்கு 3 டன்னுக்கு மேல முட்டும்னு கணக்கு வந்தா அது செவப்பு. அங்க புது வூடே கூடாது. நீலத்துல கட்டலாம், ஆனா மலையைப் பாத்த சுவரு கெட்டியா காங்கிரீட்ல இருக்கணும், அந்தப் பக்கம் பெரிய சன்னல் வெக்கறது ஆபத்து. கவனிச்சியா? உன் புரோக்கர் எந்தச் சன்னலுக்குக் கூடுதல் காசு கேக்கறாரோ, அதே சன்னலை அடைச்சாத்தான் அங்க என்ஜினீயர் தூங்குவான்.

"300 வருஷத்துக்கு ஒரு தபாவா? அப்போ என் பேரன் பேத்திக்கே கவலை இல்ல"ன்னு நீ சிரிக்கிறது தெரியுது. அது நாள் குறிச்சு வர்ற கும்பாபிஷேகம் இல்லடா. ஒவ்வொரு வருஷமும் முந்நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு. அந்த வூட்டுல 50 வருஷம் குடியிருந்தா, ஒரு தபாவாச்சும் வர்றதுக்கு நூத்துக்குப் பதினஞ்சு. உன் சிட்பண்டுல நூத்துக்குப் பதினஞ்சு பேரு பணம் போயிடும்னா சேருவியா?

வரைபடம் இருந்தா எல்லாம் ஆச்சுன்னும் நெனைக்காத. ஆஸ்திரியாவுல கால்டூர்னு ஒரு ஊரு. 1999 பிப்ரவரி 23-ஆம் தேதி பனி சரிஞ்சு 31 பேரு செத்தாங்க. பத்திரம்னு குறிச்சு வெச்சிருந்த இடத்துக்குள்ளயே பூந்துச்சு. சாயம் பூசினவங்க முட்டாள் இல்ல. அது வரைக்கும் நடந்ததை வெச்சுப் பூசினாங்க. நடக்காதது அதுல எப்படி இருக்கும்?

ஆனா எனக்குப் புடிச்ச கணக்கு வேற. மலை எம்மாம் கெட்டதுன்னு கேக்கறது பாதிக் கேள்விதான். சரியற நேரத்துல கீழ யாரு இருக்காங்கங்கறது மீதி. மூணாறு பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி, தேயிலைத் தோட்டத்துத் தமிழ் சனங்க லயத்துல முடங்கியிருந்த நேரத்துல மலை எறங்கிச்சு. 70 பேரு. இலங்கையில கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்துல 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில சரிஞ்சுது. பள்ளிக்கூடம் போயிருந்த புள்ளைங்க பொழைச்சுதுங்க, திரும்பி வந்தா வூடும் இல்ல, பெத்தவங்களும் இல்ல. அந்த எடம் ஆபத்துன்னு 2005-லயும் 2011-லயும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க சொல்லியிருந்தாங்களாம். சொன்னாங்க, சரி. போறதுக்கு ஒரு காணி நெலம் யாரு குடுத்தா?

இதை நம்மூருக்குப் போட்டுப் பாரு. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேரு 14 கிலோமீட்டர் சுத்தறாங்க. ஒருத்தன் ஒரு சரிவுக்குக் கீழ நடக்கறது சில நிமிஷம். டீ குடிச்சாக் கொஞ்சம் கூட. அங்கியே வூடு இருக்கிறவன் ஒரு நாள்ல பதினாறு மணி நேரம் அதுக்குக் கீழ கெடக்கறான். அதுல எட்டு மணி நேரம் கண்ணை மூடிக்கினு. 2024 டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்கு வல்லுநருங்க மலையேறிப் பாத்துட்டு, மண்ணு எளகிக் கெடக்குது, பக்தர் ஏறக்கூடாதுன்னுட்டாங்க. அதுவரைக்கும் வழக்கமா ஏற வுட்ட 2,500 பேருக்கும் தடை. கொப்பரை, நெய் தூக்கறவங்களுக்கு மட்டும் அனுமதி. சரியான முடிவுதான், நானே வாசல்லேர்ந்து கும்பிட்டுக்கினேன். ஒரு நாள் ஏறிட்டு எறங்கறவனுக்கு அந்த மண்ணு ஆகாதுன்னா, வருஷம் முச்சூடும் அதுக்குக் கீழ பாய் விரிக்கிறவனுக்கு எப்படி ஆகும்? இந்தக் கேள்வியை நான் எந்தக் கட்சிக்காரங்ககிட்ட கேட்டாலும், "பெரியவரே, டீ சாப்புடுங்க"ங்கறாங்க. இப்ப எனக்குச் சக்கரை ஏறிப்போச்சு.

நான் சொல்லி நீ கேக்கப் போறதில்ல, அதனால வாங்கினப்புறம் செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். மொட்டை மாடியில நேரான சுவரு இருக்கிற பாத்திரம் ஒண்ணு வெச்சு ஸ்கேல் வுட்டு அள. இலங்கையில 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் பேஞ்சா உஷாரு, 100-ன்னா மூட்டை கட்டு, 150-ன்னா கெளம்புன்னு வெச்சிருக்காங்க. அது அவங்க மலைக்குப் போட்ட கணக்கு, நம்ம மலைக்கு அப்படியே ஒத்துவரும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுமே அளக்காம வாட்ஸ்அப்புல வானிலை பாக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். கரண்ட் கம்பம் சாஞ்சா, தரையில புதுசா விரிசல் விட்டா, கதவு திடீர்னு மூட வராம மக்கர் பண்ணா, தெளிவா வந்துக்கினு இருந்த ஊத்து கலங்கலா வந்தா, ஆசாரியைக் கூப்புடாத, ஆட்டோவைக் கூப்புடு. புள்ளைங்களை மலைப்பக்கத்து ரூம்புல படுக்க வெக்காத. அந்த ரூம்புல சோபா போட்டு விருந்தாளிங்களைக் குந்த வை. அவங்க சீக்கிரம் கெளம்பினாலும் உனக்கு லாபம்.

மத்ததெல்லாம் பத்திரத்துல பாத்துக்கலாம். பட்டா இருக்குதா, வனத்துறை எல்லை எங்க, ஓடைப் பொறம்போக்கு எங்கன்னு நில அளவைக்காரரை வெச்சு அளந்துடு. புரோக்கர் "அதெல்லாம் சும்மா சார்"ம்பாரு. அவருக்கு ரெண்டு பர்சென்ட், உனக்கு மீதி தொண்ணூத்தெட்டும் மலையும்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முந்தி ஒரு வேலை மட்டும் பண்ணு. கார்த்திகையில நல்லா ஊத்தற ராத்திரியாப் பாத்து, அந்த மனையில கொட்டாய் போட்டு ஒரு பொழுது படுக்கலாம் வாங்கன்னு புரோக்கரைக் கூப்புடு. ஆளு வர்றேன்னா எனக்கும் சொல்லி அனுப்பு, ஒரே வரியில கையெழுத்துப் போட்டு வாங்கிடலாம். போர்வையை மட்டும் அவரையே எடுத்தாரச் சொல்லு.