மலை ரயில்: மூன்று கேள்விகள்

மூணாறு மலையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியதாமே! எஞ்சினுக்கு நிலக்கரி எங்கிருந்து வந்தது?

நிலக்கரி எதற்கு? வைக்கோல் போதுமே! 1902இல் மூணாறை ஒட்டிய குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை வண்டியை இழுத்தவை காளைகள். தண்டவாளமும் ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் ஓடிய சக்கரம் பாரத்தைத் தாங்கியது. பக்கத்துத் தரையில் உருண்ட சக்கரம் வண்டி சாயாமல் காத்தது. 1908இல்தான் இரட்டைத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் வந்தன.

மலைமேல் இருந்த டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிட்டதே, தேயிலை எப்படிக் கீழே போடிநாயக்கனூருக்கு இறங்கியது?

பறந்துதான்! ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடி பக்கம் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்தது. தேயிலைக்குத்தான் இந்த வசதியெல்லாம். அதைப் பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இதே மலையை ஏறியது கால்நடையாக.

இவ்வளவு அருமையான ரயிலை யார் நிறுத்தினார்கள்?

மழை! 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், வந்த பெருவெள்ளம் பாதையைச் சிதைத்துவிட்டது. ரயில் மீண்டும் ஓடவே இல்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பின்னாளில் தேயிலை நிறுவன அலுவலகமானது.