கொட்டகைக் கேள்விகள், துடியலூர் பதில்கள்

காய்கறிப் பை, என்.ஜி.ஜி.ஓ. காலனி: ஏனுங்க, பாட்டு நாடகம் பார்க்க மும்பை, சிங்கப்பூர்னு காசைக் கொட்டறீங்களே, துடியலூர்ச் சந்தையில இல்லாதது அங்க என்னங்க இருக்குது?

ஏ.சி. மற்றபடி ரெண்டு இடத்திலும் தொண்டைதான் முதல். நம் தக்காளிக்காரர் மைக் இல்லாமல் கூவுகிறார், அங்கே மைக் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ஆனால் வாரத்துக்கு 8 காட்சி. எட்டிலும் அதே பாட்டை அதே உச்சியில் போய்த் தொட வேண்டும். டேப்பை ஓடவிட்டு வாயசைப்பதென்றால் நான் மேட்டுப்பாளையம் ரோட்டைத் தாண்டமாட்டேன். குரல் இன்றைக்கு ஏறுமா, சறுக்குமா என்று ரெண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, டிக்கெட் காசு அதற்கு.

பெஞ்சு டிக்கெட், வெள்ளக்கிணறு: ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’ பார்த்தீர்களாமே. சரவிளக்கு நிஜமாகவே தலையில் விழுமா?

தலைக்கு மேலே வந்து மேடையில் விழும். முன்வரிசைக்காரர்கள் கூடுதல் காசு கொடுத்துப் பயப்படுகிறார்கள். 1986-ல் லண்டனில் தொடங்கிய நாடகம் அது. நியூயார்க்கில் 1988 ஜனவரியில் ஏறிய திரை, 13,981 காட்சிக்குப் பிறகு 2023 ஏப்ரலில்தான் இறங்கியது. 2025 மார்ச்சில் மும்பைக்கு வந்தது. விளக்கு விழும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் விழும்போது அரங்கமே ‘ஐயோ’ என்கிறது.

எனக்கு விளக்கைவிடப் பிடித்தது வேறொன்று. இந்த மாதிரி அரங்கங்களில் ஒருமுறை திரும்பி உட்கார்ந்து பால்கனியின் முகப்பைப் பாருங்கள். அங்கே மேடையைப் பார்த்தபடி ஒரு டி.வி. மாட்டியிருக்கும். அதில் ஓடுவது வாத்தியக் குழுவை நடத்துகிறவரின் கை, அவ்வளவுதான். காதலியின் கண்ணுக்குள் கண்ணை வைத்துக் கதாநாயகன் உருகுகிறானே, அவன் ஓரக்கண் அந்த டி.வி.யில் இருக்கிறது. தாளம் தப்பினால் காதலாவது கத்தரிக்காயாவது.

கோயில் நோம்பிக்கு விடிய விடிய நடக்கும் நம் ஸ்பெஷல் நாடகத்தில் இந்தத் திருட்டுத்தனம் கிடையாது. ஆர்மோனியக்காரர் மேடையிலேயே ஓரமாக உட்கார்ந்திருப்பார். ராஜபார்ட் சுருதி விலகினால் எல்லாரும் பார்க்க ஒரு முறை முறைப்பார்.

பாதி இங்கிலீஷ், கவுண்டம்பாளையம்: அவர்கள் பாடுகிற இங்கிலீஷ் புரியுமா?

தமிழ் சினிமாப் பாட்டில் உங்களுக்கு எல்லா வரியும் புரிகிறதா?

கொடிசியா கோவிந்தன், சரவணம்பட்டி: இவ்வளவு பெரிய கோயமுத்தூருக்கு இந்த நாடகமெல்லாம் ஏன் வருவதில்லை? நாம் என்ன குறைந்துவிட்டோம்?

உயரத்தில் குறைந்துவிட்டோம். நம் ஆள்களைச் சொல்லவில்லை, மேடைகளைச் சொல்கிறேன். இந்த மாதிரி நாடகத்தில் ஒரு காட்சியின் மாளிகை அப்படியே மேலே ஏறி மறைந்து, அடுத்த காட்சியின் தெரு இறங்கும். அதற்குப் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியும் மேடையைப் போல ரெண்டு மடங்குக்கும் மேலே காலி உயரம் வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்க இடம், முன்னால் வாத்தியக் குழுவுக்குப் பள்ளம், கண்டெய்னர் கண்டெய்னராக வரும் சாமானை இறக்க வழி. மாட்டிப் பூட்டவே நாள் கணக்கில் ஆகும் என்பதால் வாரக் கணக்கில் ஓடினால்தான் கட்டுப்படியாகும்.

மும்பைக்கே இது புதுசு. அம்பானி வீட்டுக் கலை மையம் 2023 மார்ச் கடைசியில் திறந்தது. மே மாதம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வந்து இறங்கியது. அதற்கு முன்னால், 2015-ல், ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’டை இந்திய நடிகர்களை வைத்து ஓர் உள்விளையாட்டு அரங்கத்தில்தான் போட்டார்கள். நம் கிக்கானி பள்ளி அரங்கமும் பாரதீய வித்யா பவனும் கச்சேரிக்கும் சபா நாடகத்துக்கும் தங்கமான இடங்கள். கொடிசியாவில் பம்புசெட்டைப் பரப்பலாம், பாரிஸ் நகரத்தைத் தொங்கவிட முடியாது. மீதி உள்ளவை கல்யாண மண்டபங்கள். அங்கே பந்திக்குத்தான் பிளான் போடுகிறார்கள்.

ஆனால் விமான நிலையத்தில் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கே மரினா பே சாண்ட்ஸ் அரங்கத்துக்கு 2011-ல் ‘தி லயன் கிங்’ வந்தது, 2024-ல் ‘ஹாமில்டன்’ வந்தது. மாமன் மச்சான் யாராவது அங்கே இருந்தால் உறவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அப்புச்சி பேரன், இடிகரை: எங்க அப்புச்சி ‘கம்பெனி நாடகம்’ என்று பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். அதுவும் இந்த மாதிரி ஊர் சுற்றும் மியூசிகல்தானா?

அதேதான், இன்னும் துணிச்சலோடு. பம்பாயிலிருந்து பார்சிக்காரர்கள் வண்டி வண்டியாகப் படுதாவோடு கிளம்பி தெற்கே வந்தார்கள். அதைப் பார்த்து நம் ஆட்களும் படுதா, ஆர்மோனியம், கொட்டகை என்று இறங்கிவிட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அதில் நடித்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் தனிக் கம்பெனி கண்டார்கள். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ சீன் ஜோடனைக்காகவே பேசப்பட்டது. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபாவில் 13 வயதில் போய்ச் சேர்ந்தவர் எம்.என்.நம்பியார்.

ஒரு ஊருக்குப் போனால் மாதக் கணக்கில் முகாம். நடிகர், சமையல்காரர், படுதா, பெட்டி எல்லாம் ரயிலேறும். ஒரே ஊரில் தங்கி நாளுக்கொரு நாடகம் போடுவார்கள். இன்றைய உலகச் சுற்றுப்பயணக் குழு ஒரே நாடகத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. பத்து வயசுப் பையன்கள் பல நாடகங்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அப்புச்சியை நிறுத்தாதீர்கள், போனில் பதிவு செய்யுங்கள்.

ராப் ராசு, பன்னிமடை: ‘ஹாமில்டன்’ ராப் பாட்டு நாடகமாமே. சங்கரதாஸ் சுவாமிகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் ரசிக்கலாமா?

சுவாமிகள் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ‘ஹாமில்டன்’ நாடகத்தில் ஒரு காட்சி. அமெரிக்காவின் முதல் மந்திரிசபை, கடன் பற்றி வாக்குவாதம். ஜெஃபர்சனும் ஹாமில்டனும் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தத்தில் ஒருவரையொருவர் வாருகிறார்கள். வாஷிங்டன் நடுவர். எல்லாரும் ஆகா என்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த இருட்டில் தினைப்புனம் தெரிந்தது.

ஸ்பெஷல் நாடகத்தில் ‘வள்ளி திருமணம்’ பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி பத்து மணி வாக்கில் பபூன் வந்து தொடக்கி வைப்பார். அவர் தடுக்கி விழும் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ‘ஆல்ரவுண்டு’ வாசிக்கிறவர் சரியாக அந்த நொடியில் ஒரு ‘டமார்’ கொடுப்பார். நடுச்சாமம் தாண்டியதும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுவாள். அங்கே நாரதர் வந்து, முருகனைக் கட்டிக்கொள் என்று ஆரம்பிப்பார். அதுதான் தர்க்கம். அவர் ஒரு பாட்டு, அவள் ஒரு எதிர்ப்பாட்டு. அவர் குறளை எடுத்தால் அவள் புராணத்தை எடுப்பாள். துறவிக்குக் கல்யாணத் தரகு வேலை எதற்கு என்று ஒரு கேள்வி விழும். கூட்டம் விசிலடிக்கும்.

இதில் விசேஷம், நாரதர் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர். ஒத்திகை என்பதே கிடையாது. மேக்கப் போடும்போதுதான் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். கதையும் பாட்டும் சுவாமிகள் போட்ட பாதை, சண்டை அன்றன்றைக்குப் புதுசு. ‘ஹாமில்டன்’ எழுதிய லின்-மேனுவல் மிராண்டா வருஷக் கணக்கில் உட்கார்ந்து எழுதினார், நடிகர்கள் ஒரு சொல் மாற்றக் கூடாது. இங்கே ஒருவருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டால் முன்வரிசைக் கிழவருக்கு உடனே தெரிந்துவிடும். என் ஓட்டு வள்ளிக்கே. ஒளியமைப்புக்கு மட்டும் ஹாமில்டன்.

மருமகள், பெரியநாயக்கன்பாளையம்: பாட்டில்லாத வசன நாடகம்தான் உசத்தி என்கிறார் என் மாமனார்.

பம்மல் சம்பந்த முதலியாரும் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய காலத்திலிருந்தே பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டியவர்தான். அவர் வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்தவர், பேச்சு பிடித்திருந்தது. உங்கள் மாமனார் என்ன உத்தியோகம்?

ஒன்ஸ்மோர், ராக்கிபாளையம்: பாட்டு நன்றாக இருந்தால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கலாமா?

மேடைப் பாட்டு நடிகர் கிட்டப்பா காலத்தில் கேட்கலாம், கொடுத்தே தீர வேண்டும். செத்துக் கிடக்கிற பாத்திரம்கூட எழுந்து உட்கார்ந்து மறுபடி பாடிவிட்டுச் சாகும் என்று கேலி பேசுவார்கள். மும்பையில் கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அங்கே கடைசியில் எழுந்து நின்று கைதட்டுவதோடு சரி. இப்போதெல்லாம் எல்லா நாடகத்துக்கும் எல்லாரும் எழுந்துவிடுவதால் அதற்கும் மதிப்பில்லை. சீக்கிரம் கார் பார்க்கிங்குக்குப் போகிறவர்களும் அதே நேரத்தில்தான் எழுகிறார்கள்.

முறுக்கு, சின்னத்தடாகம்: நாடகத்தின் நடுவே முறுக்குச் சாப்பிடலாமா?

ஸ்பெஷல் நாடகத்தில் தாராளமாக. மற்ற இடத்தில் அல்வா கொண்டுபோங்கள், சத்தம் வராது.

ரகுமானியா, வடமதுரை: நம் ஆள் யாராவது லண்டன் மியூசிகலுக்கு இசையமைத்திருக்கிறார்களா?

உங்கள் புனைபெயரே பதில். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002-ல் லண்டனில் ஏறியது. தயாரித்தவர் ‘ஃபேன்டம்’ இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெபர். 2004-ல் நியூயார்க் போனது, அங்கே ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அந்த நாடகத்தில் ‘ஷகலக பேபி’ உண்டு. ‘முதல்வன்’ படத்தில் நாம் 1999-லேயே கேட்டு முடித்த பாட்டுக்கு லண்டன்காரர்கள் பவுண்டு கொடுத்தார்கள்.

கொங்குத் தங்கம், கணுவாய்: பருத்தி, பம்பு, பன்னு... கொங்கு நாடு ஒரு மேடைப் பாட்டு நட்சத்திரத்தையாவது தந்ததுங்களா?

கொடுமுடியை மறந்துவிட்டீர்களே அம்மிணி! அங்கே 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோதே நாடகக் கம்பெனிக்குப் போனவர். இலங்கை மேடையில் 1926-ல் செங்கோட்டைக் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார், பிறகு கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார், வயது 27. அதன்பின் வேறொரு ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்துக் கூப்பிட்டபோது ஆண் வேடத்தில், நந்தனாகவே வந்தார்.

காதல், பிரிவு, பாட்டு, வைராக்கியம், ரயில், கப்பல் எல்லாம் இருக்கிற கதை. எந்த ஊர்க்காரனுக்காவது இது கிடைத்திருந்தால் நாற்பது வருஷம் ஓட்டியிருப்பான். நாம் இன்னும் உரிமை கேட்டுக்கூட யாரையும் அணுகவில்லை.

சீருடைச் சேலை, நரசிம்மநாயக்கன்பாளையம்: நாங்க பொண்ணுங்க எல்லாம் ஒட்டுக்கா வள்ளி கும்மி பழகறோம். அதையும் உங்க மியூசிகல் கணக்குல சேர்ப்பீங்களா?

முதல் பெயராகச் சேர்ப்பேன். கதை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அடவு இருக்கிறது, ஆசிரியர் மைக்கில் பாட ஊரே சுற்றிச் சுற்றி ஆடுகிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசிரியர் பத்ரப்பன் வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் மட்டும் ஆடிய களத்துக்குப் பெண்களைக் கொண்டுவந்தவர் என்பது அவர் பெருமை. ஒரே ஒரு குறை: இதில் ஆடுகிறவர்கள் அதிகம், சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. நாடகக்காரர்கள் தலைகீழாகத்தான் கேட்பார்கள்.

நோம்பிக் கமிட்டி, அப்பநாயக்கன்பாளையம்: இந்த வருஷம் கோயில் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கலாமா, நாடகம் வைக்கலாமா என்று கமிட்டியில் ஒரே சண்டை. நீங்களே சொல்லுங்க.

நாடகம். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. நேரில் போய்ப் பேசி, பங்குனிக்கு முன்பே தேதி வாங்கிவிடுங்கள், சீசன் வந்துவிட்டால் நல்ல வள்ளி கிடைக்கமாட்டார். ஆர்மோனியக்காரருக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி போடுங்கள். ரெண்டு மணிக்கு எல்லாருக்கும் டீ, பபூனுக்கு ரெண்டு. பேசிய தொகையை விடிவதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள். தர்க்கம் சூடு பிடிக்கும் நேரத்தில் மைக்கைப் பிடுங்கி நன்கொடையாளர் பெயர் வாசிக்காதீர்கள். தலைவர் பேச்சு இருந்தால் ஒன்பது மணிக்கே முடித்துவிடுங்கள். எனக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பாய் நானே கொண்டுவருகிறேன்.